டோர்பெல் ஊரார் வகுத்த மேய்ச்சல் விதி

ஸ்விட்ஸர்லாந்து என்றதும் கைக்கடிகாரமும் பனிமலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டின் வாலே மாநிலத்தில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், டோர்பெல் என்னும் உழவர் சிற்றூர் ஒன்று உண்டு.

அங்கே வயலும் புல்நிலமும் அவரவர் உடைமை. கோடையில் மாடு மேயும் மலைச்சரிவும் காடும் ஊர்ப்பொது. பொதுநிலம் என்றால் வலியவன் மந்தையே மேய்ந்து தீர்க்குமென நாம் அஞ்சுவோம். அவ்வூரார் 1517-ஆம் ஆண்டிலேயே ஒரு விதி செய்தனர்: குளிர்காலம் முழுதும் தன் கொட்டிலில் தீனியிட்டுக் காக்கக்கூடிய பசுக்களுக்கு மேல் ஒருவரும் மலைக்கு ஓட்டலாகாது, மீறினால் அபராதம். பனி மூடிய மாதங்களில் தீனியாவது, கோடையில் தன் நிலத்தில் அறுத்து உலர்த்திய புல்லே. ஆதலால் ஒருவனது சொந்தப் புல்லே அவனது பொது உரிமையை அளந்தது. எத்துணை எளிய கணக்கு!

பாலாடைக்கட்டியை மலைக்கு ஓட்டிய பசுக்களின் எண்ணிக்கைக்கேற்பப் பங்கிட்டனர். வெட்டிய மரங்களுக்குச் சீட்டுப் போட்டனர்.

ஆயினும், 1483-ஆம் ஆண்டு ஆவணத்தின்படி, அங்கே நிலம் வாங்கிய வெளியூரார்க்குப் பொதுமலையில் பங்கில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது சற்றே உறுத்தத்தான் செய்யும்.

பொதுச்சொத்தை ஊராரே காக்க இயலும் என்பதற்கு இவ்வூரைச் சான்று காட்டிய அமெரிக்கப் பேராசிரியை எலினார் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.