ஜீப்பில் இரண்டாம் பாட்டரி



புயலும் வெள்ளமும் புதுவை மக்களுக்குப் புதியன அல்ல. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் ‘தானே’ புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன; பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுவை அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. வீடுகளில் சிக்கியவர்களை மீட்க இராணுவத்தினர் வர நேர்ந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பகுதியையும் சூழ்ந்துகொண்டது.

இத்தகைய வேளையில் சேற்றிலும் மணலிலும் இறங்கிச் செல்ல வல்லது, நான்கு சக்கரங்களும் விசையோடு சுழலும் ஜீப் போன்ற வண்டிதான். அது ஆட்களை ஏற்றிச் செல்வதோடு தன் பணி முடிந்துவிடுவதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று விளக்கெரிக்க வேண்டும். வயர்லெஸ் கருவிக்கும் கைப்பேசிகளுக்கும் மின்சாரம் தர வேண்டும். மருந்துப் பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். தடுப்பூசி மருந்துகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குள் காத்து வைத்தாக வேண்டும் என்பதை நாம் அறிவோம்.

இத்தனைக்கும் மின்சாரம் தருவது பானெட்டின் கீழே இருக்கும் ஒரே ஒரு பாட்டரி. எஞ்சினை நிறுத்திவிட்டு இரவு முழுதும் விளக்கெரித்தால் விடியற்காலையில் என்ன ஆகும்? சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே கேட்கும். பிறரை மீட்கச் சென்ற வண்டியையே பிறர் வந்து மீட்க வேண்டிய நிலை! இதைத் தவிர்க்கும் எளிய ஏற்பாடே இரண்டாம் பாட்டரி. அது எதற்கு, எப்படிப் பொருத்தப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாட்டரி வந்த கதை

மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய ஈய–அமிலப் பாட்டரியை 1859-இல் கண்டறிந்தவர் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு நாட்டு அறிஞர். அன்று நம் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1881-இல் கமீல் ஃபோர் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளின் மீது ஈய ஆக்சைடுப் பசையைப் பூசி அதன் திறனைப் பெருக்கினார்.

தொடக்கக் காலத்துக் கார்களை முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி எதிர்த்துச் சுழன்று கையை முறித்ததும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பின், எஞ்சினை எழுப்பும் பொறுப்பு பாட்டரியின் தலையில் விழுந்தது.

நம் நாட்டில் 1947 முதல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பழைய ஜீப்புகளைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பியதைப் பெரியவர்கள் நினைவு கூரக்கூடும். இக்காலத்து வண்டிகளில் அந்த வசதி இல்லை. தார்ச் சாலையில் என்றால் நாலு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்பிவிடலாம். முழங்கால் சேற்றிலும் கடற்கரை மணலிலும் எப்படித் தள்ளுவது? ஆகவேதான் பாதையில்லாத இடத்துக்குப் போகும் வண்டிக்கு இந்த ஏற்பாடு மிகவும் தேவையாகிறது.

பாட்டரி ஆராய்ச்சியில் தமிழகத்துக்கும் பங்குண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார்.

ஒரு பாட்டரிக்கு இரண்டு வேலை

12 வோல்ட் பாட்டரியினுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஈய டை ஆக்சைடுத் தகடும் ஈயத் தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் செலவாகும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது; மின்னேற்றும்போது அது மறுபடியும் பழைய பொருள்களாக மாறுகிறது. நெடுநாள் வெறுமையாகக் கிடந்தால் அந்தச் சல்பேட் இறுகிப்போய்ப் பாட்டரி பாழாகும்.

எஞ்சினைக் கிளப்ப டீசல் வண்டியின் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். மூன்று விநாடியில் எஞ்சின் கிளம்பிவிட்டால் செலவாவது 600 ஆம்பியர்–விநாடி. அதாவது ஆறில் ஒரு பங்கு ஆம்பியர்–மணிதான்! அளவு சிறிது, வேகமோ பெரிது. இதற்காகவே ஸ்டார்ட்டர் பாட்டரியில் மெல்லிய தகடுகளைப் பலவாக அடுக்கியிருப்பார்கள். விளக்கும் குளிர்பெட்டியும் கேட்பது இதற்கு நேர்மாறு. அவை சிறிது சிறிதாக, மணிக்கணக்கில் இழுக்கும். அந்த வேலைக்குத் தடித்த தகடுகள் கொண்ட பாட்டரி வேண்டும். நம் வீடுகளில் இன்வெர்ட்டருடன் இருக்கும் பாட்டரி இவ்வகையைச் சேர்ந்ததே. ஓட்டப் பந்தய வீரரிடம் மூட்டை சுமக்கச் சொன்னால் அவர் விரைவில் களைத்துப்போவார் அல்லவா? அதுபோலவே ஸ்டார்ட்டர் பாட்டரியை அடிக்கடி அடிவரை வடித்தால் அதன் ஆயுள் குறுகிவிடும்.

ஒரு கணக்கு

இரவில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் 20 வாட், வயர்லெஸ்ஸும் கைப்பேசிகளும் சராசரி 15 வாட், சிறிய குளிர்பெட்டி சராசரி 25 வாட் எனக் கொள்வோம். மொத்தம் 60 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர். மாலை 7 மணி முதல் காலை 5 மணி வரை 10 மணி நேரம் என்றால் 50 ஆம்பியர்–மணி செலவாகும்.

ஜீப்பின் பாட்டரி 65 ஆம்பியர்–மணி அளவுள்ளதாயின் அதில் மிஞ்சுவது எஞ்சினைக் கிளப்பப் போதாது. ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்காமல் இருப்பது நல்லது. எனவே இத்தேவைக்கு 100 ஆம்பியர்–மணி கொண்ட இரண்டாம் பாட்டரி பொருத்தமாகும்.

சேர்த்துக் கட்டினால் போதாதா?

இரண்டு பாட்டரிகளை நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை என்று பக்க இணைப்பில் கட்டிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கட்டினால் அவை ஒரே பெரிய பாட்டரியாகிவிடும். விளக்கெரித்தால் இரண்டும் ஒன்றாகவே வடியும். விடியும்போது இரண்டும் ஒன்றாகவே கைவிடும். தொடர் இணைப்பில் கட்டினாலோ 24 வோல்ட்டாகி, 12 வோல்ட் விளக்குகளும் கருவிகளும் கருகிப்போகும். (1950-இல் வந்த எம்-38 என்ற அமெரிக்க இராணுவ ஜீப்பில் இரு பாட்டரிகள் தொடராகவே இணைந்திருந்தன, ஆனால் அதன் கருவிகள் அனைத்தும் 24 வோல்ட்டுக்கென்றே அமைந்தவை.)

நம் வீடுகளில் தாய்மார்கள் மாதச் செலவுக்கென்று ஒரு தொகையை வெளியே வைத்துக்கொண்டு, அவசரத்துக்கென்று சிறிது பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பதுண்டு. இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டால் அவசரப் பணம் என்று ஒன்று இருக்குமா? இரண்டாம் பாட்டரியின் பயன் மின்சாரம் கூடுவதில் மட்டும் இல்லை. எழுப்புவதற்கான மின்சாரம் தனியே, தொடப்படாமல் இருப்பதிலேயே இருக்கிறது.

இடையில் ஒரு கதவு

ஆயினும் எஞ்சின் ஓடும்போது ஒரே ஆல்டர்னேட்டர் இரண்டு பாட்டரிகளுக்கும் மின்னேற்ற வேண்டும். ஆகவே இரண்டுக்கும் இடையே, எஞ்சின் ஓடும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் கதவு ஒன்று தேவை. அதைப் பல வழிகளில் அமைக்கிறார்கள்.

முதலாவது, கையால் திருப்பும் கனத்த சுவிட்ச். விலை மலிவு, ஆனால் களைத்துப்போன ஓட்டுநர் அதைத் திருப்ப மறந்தால் எல்லாம் வீண்.

இரண்டாவது, வோல்ட் அளவை உணரும் ரிலே. எஞ்சின் ஓடி முதல் பாட்டரியில் ஏறத்தாழ 13.3 வோல்ட் வந்ததும் அது இரண்டையும் இணைக்கும். எஞ்சின் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். ஸ்டார்ட்டர் பாட்டரிக்கே முதல் பந்தி என்பது இதன் சிறப்பு.

மூன்றாவது, ஒரு பக்கம் மட்டுமே மின்சாரத்தை விடும் டையோடு. இதில் சாதாரண வகை 0.7 வோல்ட் வரை விழுங்கிவிடுவதால் பாட்டரி முழுமையாக நிரம்பாது.

நான்காவது, டி.சி.–டி.சி. சார்ஜர். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரின் வோல்ட் அளவு கூடியும் குறைந்தும் மாறுவதால் வெறும் ரிலே குழம்பிப்போகும். இந்தச் சார்ஜர் வருகிற வோல்ட்டை ஏற்றி இறக்கி, இரண்டாம் பாட்டரிக்கு வேண்டிய அளவில் கொடுக்கும். இரண்டாவது லித்தியம் வகையானால் அதற்கேற்ற சார்ஜரே பாதுகாப்பானது.

பொருத்தும் முறை

100 ஆம்பியர்–மணி ஈயப் பாட்டரி ஏறத்தாழ 30 கிலோ எடை உள்ளது. குண்டு குழிகளில் குதிக்கும் ஜீப்பில் அது அவிழ்ந்தால் பெரும் விபத்தாகும். ஆகையால் உறுதியான இரும்புத் தட்டில் வைத்து, மேலே பட்டை போட்டு போல்ட்டால் இறுக்குவார்கள். பானெட்டின் கீழே இடமிருந்தாலும் எஞ்சின் சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். வண்டியின் உட்புறத்தில் வைப்பதானால் மூடிய வகைப் பாட்டரியையே காற்றோட்டமுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரலாம். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே, ஒரு பொறி பட்டால் தீப்பற்றும்.

வேலையைத் தொடங்குமுன் பழைய பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். முடிந்தபின் அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். வண்டியின் உடல் முழுதும் எதிர்முனையோடு சேர்ந்திருப்பதால், நேர்முனையில் இருக்கும் ஸ்பானர் தவறி உடலில் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். எதிர்முனை கழன்றிருந்தால் அந்த அபாயம் இல்லை.

இரு நேர்முனைகளையும் ரிலே வழியாகச் சேர்க்கும் கம்பி கனமானதாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பி சூடேறும். வோல்ட்டும் வழியிலேயே குறைந்துபோகும். இக்கம்பியின் இரு முனைகளிலும், ஒவ்வொரு பாட்டரிக்கும் அருகிலேயே, ஒவ்வொரு ஃபியூஸ் வேண்டும். ஒரு முனையில் மட்டும் இருந்தால் போதாதோ என்றால், போதாது! சாதாரணக் கம்பியில் மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். இதிலோ இரு பக்கமும் பாட்டரி. நடுவில் கம்பி உராய்ந்து உடலில் பட்டால் இரு புறமிருந்தும் மின்சாரம் பாயும். கம்பி தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் போடுவதும் இதற்காகவே. எதிர்முனைக் கம்பியைச் சேஸிஸில் பூட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் இறுக்க வேண்டும்.

விளக்கு, குளிர்பெட்டி முதலியவற்றை இரண்டாம் பாட்டரியிலிருந்து மட்டுமே, தனித்தனி ஃபியூஸ்களுடன் எடுக்க வேண்டும். ஒன்றை மறந்து பழைய பாட்டரியிலேயே விட்டுவிட்டால் அத்தனை உழைப்பும் வீணாகும்.

வேலை முடிந்ததும் மல்ட்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். ஓய்வில் நிரம்பிய பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். எஞ்சினைக் கிளப்பிச் சற்று நேரத்தில், ரிலே வகையில், இரண்டிலும் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி விளக்குகளை ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். இரண்டாம் பாட்டரி இறங்கியிருக்க, முதல் பாட்டரி அசையாமல் இருந்தால் கதவு சரியாக மூடியிருக்கிறது என்று பொருள்.

கவனம் தேவை

பாட்டரி அருகே செல்லும்போது உலோக வளையல், மோதிரம், நீண்ட சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். 12 வோல்ட் உடலைத் தாக்காது என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால் வளையல் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். திறந்த வகைப் பாட்டரியில் நீர் குறைந்தால் வாலை வடிநீரையே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

நம்முடையது கடற்கரை ஊர். உப்புக் காற்றில் முனைகள் விரைவில் பூத்துப்போகும். சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்த்தி, வாஸ்லின் தடவி வைத்தால் நெடுநாள் உழைக்கும். பழைய பாட்டரியைக் குப்பையில் எறியலாகாது. அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை முறையாகத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம்.

மாணவிகளே! பெற்றோரே! இந்த ஏற்பாட்டில் புரியாத விஞ்ஞானம் எதுவும் இல்லை. பள்ளிப் பாடத்தில் படிக்கும் தொடரிணைப்பு, பக்க இணைப்பு, ஓமின் விதி இவையே இங்கும் வேலை செய்கின்றன. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம், வெள்ளம் சூழ்ந்த ஓர் ஊரில் நள்ளிரவில் ஒரு விளக்கை எரியவைக்கிறது. விடிந்ததும் நோயாளியை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி தானே கிளம்பி மருத்துவமனைக்கு வந்து சேரவும் உதவுகிறது. ஐப்பசி பிறக்குமுன் வீட்டுக் கூரையைச் சரிபார்க்கும் நாம், உதவிக்குச் செல்லும் வண்டிகளின் பாட்டரிகளையும் அப்போதே சரிபார்த்து வைப்போமாக!