முத்தம் கொடுத்தால் மெஷின் மக்கர்!

இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து போரிட்ட அமெரிக்க சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து கடிதங்கள் குவிந்தன. ஆயுதம் ஏற்றவே கப்பலில் இடம் போதவில்லை. தபால் மூட்டையை எங்கே ஏற்றுவது?

1942 ஜூனில் வந்தது "வி-மெயில்". கடிதத்தைப் போட்டோ பிடித்து, பிலிம் சுருளை மட்டும் அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பிரிண்ட் போட்டார்கள். 37 மூட்டைக் கடிதம் ஒரே மூட்டைக்குள் அடங்கியது!

லிப்ஸ்டிக் தொல்லை

ஆசை மனைவிகள் லிப்ஸ்டிக் உதட்டால் கடிதத்தில் முத்தம் பதித்தார்கள். சாயம் ஒட்டி மெஷின் மக்கர் செய்தது! ஆனால் அப்பா பார்த்திராத கைக்குழந்தையின் படத்துக்கு அனுமதி உண்டு.

விமானம் விழுந்தால்?

வழியில் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினால் கடிதம் போச்சா? போகாது. பிலிம் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை அசல் கடிதம் பத்திரமாக இருக்கும். மறுபடி போட்டோ பிடிப்பார்கள். தாமதமானாலும் சிப்பாய் கைக்குப் பிள்ளையின் முகம் வந்து சேரும்!