துணைவலிக்கு ஆன செலவு

2012-ல், சிப் அச்சிடும் இயந்திரங்களைச் செய்யும் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். தன் பங்குகளில் 23 சதவீதத்தை மூன்று வாடிக்கையாளர்களுக்கு விற்றது. இன்டெலுக்கு 15, டி.எஸ்.எம்.சி.க்கு 5, சாம்சங்குக்கு 3. வந்த தொகை சுமார் 385 கோடி யூரோ. அதைக் கம்பெனி வைத்துக்கொள்ளவில்லை, மற்ற பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆராய்ச்சிக்கென மிஞ்சியது, ஐந்தாண்டுகளில் தருவதாக மூவரும் ஒப்புக்கொண்ட 138 கோடிதான். அதில் இன்டெலின் பங்கு 82.9 கோடி, மற்ற இருவரும் தலா 27.6 கோடி.

அப்படியானால் பங்கை ஏன் விற்க வேண்டும்? நீண்ட போருக்குத் திட்டமிடும் தளபதி மூன்று கணக்குகளைப் போட்டுவைப்பார்: துணைக்கு யார் வருவார்கள், தளவாடம் எந்த வழியாக வரும், எந்த முனையிலிருந்து பின்வாங்கலாம். வாங்குபவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய தொழிலில் வளர்ச்சியை முடிவுசெய்வதும் இவைதான் என்று உறுதியாக நம்புகிறேன். பங்கு விற்பனை முதல் கணக்கு. சிப் சந்தையில் ஒருவரோடொருவர் மோதும் மூவரும் ஒரே இயந்திரத்தின் வெற்றியில் பணத்தைப் போட்டார்கள். வழக்கமான விஷயங்களில் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. ஆராய்ச்சியின் பலனும் அவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படவில்லை. கட்டளையிடும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கூட்டணி அமைத்ததுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அந்த இயந்திரம் 13.5 நானோமீட்டர் அலைநீளக் கதிரால் சிப்பின் வடிவத்தை அச்சிடுவது. விநாடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகள் விழ, ஒவ்வொன்றையும் லேசர் இரண்டு முறை தாக்கினால்தான் அந்த ஒளி பிறக்கும். உதிரிபாகங்கள் சுமார் 1 லட்சம். உருவாக்க ஆன ஆராய்ச்சிச் செலவு 17 ஆண்டுகளில் 600 கோடி யூரோவுக்கு மேல். மூவர் தந்த 138 கோடி முழுவதும் இதற்கே வந்திருந்தாலும் நாலில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

தளவாடத்துக்கும் தனிச் செலவு. ஒளிமூலம் செய்த அமெரிக்க சைமர் நிறுவனத்தை வாங்கச் சுமார் 195 கோடி யூரோ ஒதுக்கி, 2013-ல் அந்தக் கொள்முதலை முடித்தது. கண்ணாடிகள் செய்யும் ஜெர்மனியின் கார்ல் சைஸ் எஸ்.எம்.டி.யில் 24.9 சதவீதத்துக்கு 100 கோடி தர 2016-ல் ஒப்பந்தம் போட்டது. பொருள் தருபவர் தடுமாறினால் முன்னணிப் படையும் நின்றுவிடும் என்பதற்கான செலவு இது.

பின்வாங்கலும் நடந்தது. வாடிக்கையாளர் பணத்தின் இன்னொரு நோக்கமான 450 மில்லிமீட்டர் வேஃபர் (சிப்கள் செய்யும் சிலிக்கன் தட்டு) வேலையை 2013 இறுதியில் நிறுத்திவைத்தார்கள். தொழில்துறை அந்த அளவுக்கு மாறத் தயாராக இல்லாதபோது அங்கே பணத்தைக் கொட்டாதது சரியான முடிவு.

டி.எஸ்.எம்.சி. 2015-லேயே தன் பங்கை விற்று வெளியேறியது. ஆனால் ஆர்டர்கள் தொடர்ந்தன. 2012-ல் 473 கோடி யூரோவாக இருந்த ஏ.எஸ்.எம்.எல். விற்பனை 2021-ல் 1,860 கோடி. அதில் 42 புதுவகை இயந்திரங்கள் மட்டும் 630 கோடி, அதாவது ஒன்று சராசரியாக 15 கோடி. ஒருகாலத்தில் முன்னால் நின்ற நிக்கானும் கேனானும் அந்த வகையில் ஒன்றைக்கூட விற்கவில்லை.