ஏழு பேர் ஆடிய இரவு

கூடைப்பந்து என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பட்டணத்துச் சீனப்பள்ளியின் சிமெண்டுத் தளமும், இரு கோடியிலும் நிற்கும் கம்பங்களும்தான். தோட்டத்துத் திடலில் காற்பந்துக்கு இடமுண்டு, சடுகுடுவுக்கு இடமுண்டு. கூடைப்பந்துக்கு ஏது இடம்? ஆனாலும் வாசகர்களே, அந்த ஆட்டத்தில் நடந்த ஒரு கதையை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். 1965ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கி 1966 மார்ச் மாதத்தில் முடிந்த கதை அது. அமெரிக்காவில், மெக்சிகோ எல்லையை ஒட்டியுள்ள எல் பாசோ என்ற ஊரில், டெக்சஸ் வெஸ்டர்ன் என்ற கல்லூரியின் ஆண்கள் குழு ஆடிய ஒரு பருவத்தின் கதை.

அந்நாளில் அமெரிக்க விளையாட்டு உலகில் ஒரு பேச்சு இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஓட வரும், குதிக்க வரும். ஆனால் யோசித்து ஆட வராது, நெருக்கடி வந்தால் கலைந்துவிடுவார்கள், அவர்களை நடத்த நடுவில் ஒரு வெள்ளையராவது வேண்டும் என்பதே அந்தப் பேச்சு. இதே பேச்சை, வேறு ஆட்களைப் பற்றி, வேறு வேலையைப் பற்றி, நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். "வெட்டுக்கத்தி பிடிக்கத்தான் லாயக்கு, கணக்குப் புத்தகம் பிடிக்க முடியுமா?" என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பேச்சுதானே!

பயிற்றுநர்களிடையே இதையொட்டி எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. களத்தில் நிற்பவர் ஐவர். அதில் கறுப்பர் எத்தனை பேர் இருக்கலாம்? சொந்த ஊரில் ஆடினால் இருவர், வெளியூரில் மூவர், தோற்கும் நிலை வந்துவிட்டால் நால்வர் என்று கேலியாகச் சொல்வார்கள். கேலிதான்; ஆனால் நடந்ததும் ஏறத்தாழ அதுதான். 1963இல் சிகாகோவின் லயோலா கல்லூரி நால்வரை இறக்கி வாகை சூடியதே பெரிய துணிச்சலாகப் பேசப்பட்டது. தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த தென்கிழக்குப் பிரிவிலோ கூடைப்பந்துக் குழுக்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. இன ஒதுக்கலைத் தடைசெய்யும் சட்டம் 1964லேயே வந்துவிட்டது. சட்டம் வந்தது, வழக்கம் போகவில்லை.

எல் பாசோ சற்று மாறுபட்ட ஊர். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. பாலைவனம் சூழ்ந்த அந்த ஊரின் கல்லூரி 1955லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே அதன் கூடைப்பந்துக் குழுவில் ஒருவர் இடம்பெற்றார். 1961இல் அங்கே பயிற்றுநராக வந்தவர் டான் ஹேஸ்கின்ஸ். அதுவரை டெக்சஸ் மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். கல்லூரி வேலைக்காகக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு, மனைவி மக்களோடு மாணவர் விடுதியிலேயே குடியேறி, விடுதியையும் பார்த்துக்கொண்டார்.

ஒக்லஹோமாவின் ஈனிட் என்ற ஊரில் அவர் சிறுவனாக இருந்தபோது ஹெர்மன் கார் என்ற கறுப்பினத் தோழன் அவருக்கு உண்டு. இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடி வளர்ந்தவர்கள். திறமையில் சளைத்தவர்கள் அல்லர். கல்லூரியில் ஆட அழைப்பு வந்ததோ ஹேஸ்கின்சுக்கு மட்டும். தோழனுக்கு வரவில்லை. ஹேஸ்கின்ஸ் பிற்காலத்தில் இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் சேர்த்த பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? ஓர்ஸ்டன் ஆர்டிசும் ஹாரி பிளர்னாயும் இந்தியானா மாநிலத்தின் கேரி என்ற இரும்பாலை நகரத்தவர். பாபி ஜோ ஹில், கார்த் தொழிற்சாலைகளின் ஊரான டெட்ராய்ட் பக்கத்தவர். வில்லி வோர்ஸ்லி, நெவில் ஷெட், வில்லி கேகர் மூவரும் நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தினர். டேவிட் லாட்டின் ஒருவர்தான் டெக்சஸ்காரர், ஹூஸ்டனில் வளர்ந்தவர். தென்மாநிலத்துப் பருத்தித் தோட்டங்களை விட்டுப் பிழைப்புத் தேடி இலட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கே போய்ச் சேர்ந்தது கேரி, டெட்ராய்ட் போன்ற நகரங்களில்தான். தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போன தலைமுறை ஒன்று, அதன் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் தலைமுறை இன்னொன்று. இந்த ஏழு பேரைத் தவிர நான்கு வெள்ளையரும், மெக்சிகோ வழிவந்த ஒருவரும் குழுவில் இருந்தனர். ஆகப் பன்னிரண்டு பேர்.

ஹேஸ்கின்சைக் 'கரடி' என்பார்கள். விளையாட்டாளர்கள் அவரைக் கண்டு நடுங்கியது உண்மை. அவருடைய பாடம் ஒன்றே: முதலில் எதிரியைத் தடு, பிறகு கூடையை நினை. தாம் படித்த காலத்தில் ஹென்றி ஐபா என்ற பேர்பெற்ற பயிற்றுநரிடம் அவர் கற்றது அது. எதிரியின் முன்னே கால் நகர்த்தி நகர்த்தி நிற்கும் பயிற்சியை, தொடை கடுக்கும்வரை செய்ய வைப்பார். பந்தைக் கண்டபடி எறிந்தால் வெளியே உட்கார வைத்துவிடுவார். அக்காலத்தில் இத்தனை வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற கட்டாயம் கல்லூரி ஆட்டத்தில் இல்லை; தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்பதும் இல்லை. ஆகவே பொறுமைசாலி நல்ல வாய்ப்பு வரும்வரை பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கலாம். தெருவில் ஆடி வளர்ந்த பாபி ஜோ ஹில்லுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஹேஸ்கின்ஸ் பட்ட பாடு கொஞ்சமல்ல. முடிவில் அந்த 5 அடி 10 அங்குலப் பையனிடமே ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு போய்ச் சேர்ந்தது.

பருவம் தொடங்கியபோது இந்தக் குழுவை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒன்று, இரண்டு என்று வெற்றி சேர்ந்தது. நாட்டின் நான்காம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த அயோவா எல் பாசோவுக்கு வந்து தோற்றுப் போனது. அதன்பிறகுதான் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. தொடர்ந்து 23 வெற்றிகள்! மார்ச் 5ஆம் தேதி, வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில், சியாட்டில் குழுவிடம் 74-72 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்தப் பருவம் முழுவதிலும் அது ஒன்றுதான் தோல்வி.

அடுத்தது தேசியப் போட்டி. 22 குழுக்கள், ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் சுற்றில் ஒக்லஹோமா சிட்டியை 89-74 என்று எளிதாகக் கடந்தனர். அடுத்து சின்சினாட்டி. எதிரி ஒருவரைக் குத்தியதற்காக நெவில் ஷெட் வெளியேற்றப்பட்டார். ஆட்டம் சமநிலையாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே கைகொடுத்தவர் வில்லி கேகர். அவருக்கு இதயத்தில் கோளாறு. நீண்ட நேரம் ஆட முடியாது. சில நிமிடங்கள் ஆடிவிட்டு உட்கார வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் அவர் சேர்த்த புள்ளிகளால் 78-76 என்று பிழைத்தார்கள்.

கன்சாசுடன் நடந்த ஆட்டத்தைச் சொன்னால் நெஞ்சு படபடக்கும். முதல் கூடுதல் நேரம் முடியும் நொடியில் கன்சாசின் ஜோ ஜோ வைட் தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. ஆட்டம் முடிந்தது என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் எறியும்போது அவருடைய கால் ஓரக்கோட்டில் பட்டுவிட்டது என்று நடுவர் கையைக் காட்டினார். புள்ளி செல்லாது! இரண்டாவது கூடுதல் நேரம். 81-80. ஒரே ஒரு புள்ளியில் டெக்சஸ் வெஸ்டர்ன் தப்பியது. காலம் கைகொடுக்காமல் எந்தக் குழுவும் வாகை சூடுவதில்லை. இதை மறைத்துக் கதை சொல்வது நியாயமாகாது.

அரையிறுதியில் யூட்டா. அதன் ஜெரி சேம்பர்ஸ் என்பவரைத் தடுக்க ஆளில்லை. அன்று 38 புள்ளி எடுத்தார். பலரும் முயன்று பார்த்துத் தோற்ற பிறகு ஹேஸ்கின்ஸ் அனுப்பியவர் ஜெரி ஆர்ம்ஸ்ட்ராங், குழுவின் நான்கு வெள்ளையரில் ஒருவர். அவர் சேம்பர்சை ஒட்டிக்கொண்டு நின்றார். 85-78 என்று வெற்றி. இவருடைய பெயரை மறந்துவிடாதீர்கள்.

1966 மார்ச் 19, சனிக்கிழமை. மேரிலாந்தில் கோல் பீல்ட் ஹவுஸ் அரங்கம். பார்வையாளர் 14,253 பேர். எதிரே நிற்பது கெண்டக்கி பல்கலைக்கழகம், நாட்டின் முதலிடத்துக் குழு. அதன் பயிற்றுநர் அடால்ப் ரப் ஏற்கனவே நான்குமுறை இக்கிண்ணத்தை வென்றவர். அவருடைய குழுவில் எல்லாரும் வெள்ளையர். உயரத்தில் சற்றுக் குறைந்தவர்கள், ஆனால் மின்னல் வேகம். அந்தப் பருவத்தில் ஒரே ஒரு தோல்விதான் கண்டிருந்தார்கள்.

ஹேஸ்கின்ஸ் அன்று இறக்கிய ஐவரும் கறுப்பினத்தவர். கல்லூரி இறுதியாட்டத்தில் அதற்குமுன் நடக்காத காரியம் அது. அதோடு இன்னொரு வேலையும் செய்தார். 6 அடி 8 அங்குல ஷெட்டை உட்கார வைத்துவிட்டு, 5 அடி 6 அங்குல வோர்ஸ்லியை நிறுத்தினார். உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிய கணக்கு அது. கெண்டக்கியின் பலமே பாய்ந்தோடுவது. அதை அடைக்கச் சின்ன ஆட்கள் மூவர் தேவை என்று அவர் முடிவு கட்டினார்.

ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே லாட்டின், கெண்டக்கியின் பேட் ரைலிக்கு மேலே எம்பி, பந்தைக் கூடைக்குள் அடித்து இறக்கினார். அரங்கமே அதிர்ந்தது. ஆனால் ஆட்டத்தைத் திருப்பியது அதுவல்ல. சற்றுப் பொறுத்து, பாபி ஜோ ஹில் அடுத்தடுத்து இரண்டுமுறை, கெண்டக்கியின் டாமி கிரான், லூயி டாம்பியர் இருவரின் கையிலிருந்தும் பந்தைப் பறித்துக்கொண்டு தனியே ஓடிக் கூடையில் போட்டார். பந்தைப் பாதுகாப்பதில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் கையிலேயே பறித்தால் மற்றவர் என்ன செய்வார்? கெண்டக்கி அதன்பின் முன்னுக்கு வரவே இல்லை.

பிளர்னாய்க்கு ஆரம்பத்திலேயே காலில் அடிபட்டது. அவர் இடத்தில் கேகர் வந்தார்; ஷெட்டும் வந்து ஆடினார். ஆக அன்று களம் கண்டவர் ஏழு பேர். எழுவரும் கறுப்பினத்தவர்.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். கூடையில் விழுந்த சாதாரண எறிவுகள்: கெண்டக்கி 27, டெக்சஸ் வெஸ்டர்ன் 22. அப்படியானால் கெண்டக்கிதானே வென்றிருக்க வேண்டும்? இல்லை. எதிரி முறைதவறித் தடுத்தால், கோட்டில் நின்று யார் தடையுமின்றி எறியும் வாய்ப்புக் கிடைக்கும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அதைப் 'பிரீ த்ரோ' என்பார்கள். கெண்டக்கிக்கு அப்படிக் கிடைத்தது 13; போட்டது 11. டெக்சஸ் வெஸ்டர்னுக்குக் கிடைத்தது 34, போட்டது 28. ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும் அரங்கத்தில், தனியே நின்று, மூச்சை அடக்கி எறிய வேண்டிய எறிவு அது. ஓட்டமோ குதியோ அதற்கு உதவாது. நிதானம் ஒன்றுதான் வேண்டும். நெருக்கடியில் கலைந்துவிடுவார்கள் என்று யாரைச் சொன்னார்களோ அவர்கள் 34இல் 28 போட்டார்கள்! ஆட்டம் 72-65 என்று முடிந்தது. ஹில் 20, லாட்டின் 16, ஆர்டிஸ் 15 புள்ளிகள். பருவக் கணக்கு 28 வெற்றி, ஒரு தோல்வி.

ஆர்ம்ஸ்ட்ராங் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று அவர் ஒரு நிமிடமும் களம் இறங்கவில்லை. அன்று கறுப்பின விளையாட்டாளர்களை மட்டுமே ஆட வைக்கப் போவதாக ஹேஸ்கின்ஸ் ஆட்டத்துக்கு முன்பே தங்களிடம் சொன்னார் என்று விளையாட்டாளர் சிலர் பிற்காலத்தில் கூறினர். ஹேஸ்கின்சோ, நிறம் பார்க்கவில்லை, சிறந்தவர்களை ஆட வைத்தேன், அவ்வளவுதான் என்று கடைசிவரை சொல்லிவந்தார். இரண்டிலும் உண்மை இருக்கலாம். என்னைக் கேட்டால், அரையிறுதியைக் காப்பாற்றிய ஒருவர் இறுதியாட்டத்தில் வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்ததும் அந்த வெற்றியின் ஒரு பங்குதான்.

எல் பாசோ திரும்பியபோது விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி வரவேற்றனர். அதே சமயம் ஹேஸ்கின்சுக்குக் கடிதங்களும் வந்தன. வெள்ளையர் எழுதிய வசைக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக. கறுப்பினப் பிள்ளைகளைச் சுரண்டிப் பேர் வாங்கினார் என்று மறுபக்கமிருந்தும் குற்றச்சாட்டு எழுந்தது. இந்தக் கிண்ணத்தை வெல்லாமலே இருந்திருக்கலாம் என்று தாம் பல காலம் எண்ணியதாக அவரே சொன்னதுண்டு. அவர் ஊரை விட்டுப் போகவில்லை. 1967இல் கல்லூரியின் பெயர் எல் பாசோ டெக்சஸ் பல்கலைக்கழகம் என்று மாறியது. அவர் 1999வரை, 719 வெற்றிகளோடு, அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார். 2008இல் காலமானார்.

தெற்கே கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 1967இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காகப் பெரி வாலஸ் ஆடத் தொடங்கியபோது தென்கிழக்குப் பிரிவில் முதல் கறுப்பின விளையாட்டாளர் வந்தார். கெண்டக்கி 1969இல் டாம் பெயினைச் சேர்த்துக்கொண்டது. பேட் ரைலி பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் குழுவின் பயிற்றுநராகிப் பெரும்புகழ் பெற்றார்.

இந்தப் பருவத்தைப் பற்றி 2006இல் ஓர் ஆங்கிலப் படம் வந்தது, கிடைத்தால் பாருங்கள். ஆனால் ஹேஸ்கின்ஸ் வந்த முதல் ஆண்டிலேயே கிண்ணம் வென்றதாக அதில் காட்டுகிறார்கள். உண்மையில் அது அவருடைய ஐந்தாவது பருவம். ஐந்தாண்டு உழைப்பை இரண்டு மணி நேரத்தில் காட்ட வேண்டுமானால் அப்படித்தான் செய்வார்கள் போலும்.

அவர் 1961இல் வந்து சேர்ந்தபோது குழுவில் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த எல் பாசோ பையன் ஒருவர் உண்டு. நோலன் ரிச்சர்ட்சன் என்று பெயர், கறுப்பினத்தவர். 1966க்கு முன்பே படிப்பை முடித்துப் போய்விட்டார். அவர் பயிற்றுநராகி, 1994இல் ஆர்கன்சா பல்கலைக்கழகக் குழுவை நடத்திச்சென்று இதே தேசியக் கிண்ணத்தை வென்றார். ஆர்டிஸ் தம் சொந்த ஊரான கேரியில் காவல்துறையில் பணியாற்றினார். பாபி ஜோ ஹில் எல் பாசோவிலேயே தங்கி, ஓர் எரிவாயு நிறுவனத்தில் வேலை பார்த்து, 2002 டிசம்பரில் 59ஆம் வயதில் காலமானார். அந்தப் படம் வருவதற்கு இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.