3ஜி நிறுத்தம்: வீட்டுப் பெரியவர்களின் போனைப் பார்த்தீர்களா?

2018இல் ஹட்ச், எடிசலாட் இரண்டும் ஒன்றாகின. 2024 ஜூன் 26ஆம் திகதி எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. "இலக்கம் மாறாதுதானே சேர், நமக்கென்ன?" என்று வத்தேகமவில் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். இலக்கம் மாறாவிட்டாலும் அது இயங்கும் வலையமைப்பு மாறலாம்.

நிறுவனங்கள் இணைந்தால் இரட்டைக் கருவிகளைப் பராமரிப்பது வீண் செலவு. பழைய வலையமைப்பை நிறுத்தினால் அதன் அலைவரிசையைப் புதியதற்குக் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2020இல் ஸ்பிரிண்ட், டி-மொபைலுடன் இணைந்தது. 2022 மார்ச் 31இல் ஸ்பிரிண்டின் 3ஜி நிறுத்தப்படத் தொடங்கியது. பழைய போன்கள் அழைப்புக்கே உதவாமற் போயின.

நமது போன்களில் 3ஜி நின்றால், 4ஜி இல்லாத போன் 2ஜிக்கு இறங்கும். சாதாரண அழைப்பு வரும். வட்ஸ்அப் அழைப்பு சரிவராது. கட்டாரிலுள்ள மகனின் முகத்தை உம்மா பார்க்க முடியாது. 2ஜியும் நின்றால் அந்தப் போன் ஊமைதான். 4ஜி போனாக இருந்தாலும் 4ஜி வழியே பேசும் 'வோல்டி' வசதி அப்போது அவசியம். இல்லாவிட்டால் இணையம் இருக்கும், பேச்சு இருக்காது.

எனவே புதுப் போன் வாங்க ஓடுமுன், செட்டிங்ஸில் மொபைல் நெட்வேர்க் பகுதியைத் திறந்து 4ஜியும் வோல்டியும் உள்ளனவா என்று பாருங்கள். சிம் பழையதென்றால், அதே இலக்கத்தில் 4ஜி சிம் கேளுங்கள். வங்கியின் இரகசியக் குறியீடு அந்த இலக்கத்துக்கே வருகிறது.

நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தியை எத்தனை முதியவர்கள் வாசிப்பார்கள்? ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் நமது இளைஞர்கள் அரை மணி நேரம் அமர்ந்து அவர்களின் போன்களைப் பார்த்துக் கொடுக்கலாமே. அதுவும் ஒரு ஸதகாதான்.