வானவீதியில் புதிய யாத்திரிகர்கள்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் 14 கிலோமீட்டர் பாதையைக் கடக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது. அவர்கள் நடந்து முடிப்பதற்குள், தலைக்கு மேலே ஒரு யாத்திரிகன் பூமண்டலம் முழுவதையுமே இரண்டு முறை வலம் வந்து விடுகிறான்! சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 92 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகப் பறந்து கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தைத்தான் சொல்லுகிறோம். 2025-ம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் நமது தேசத்தவரான சுபான்ஷு சுக்லா 18 நாட்கள் தங்கியிருந்த இடம் அதுவே.

இதைக் காண்பதற்குத் தூரதர்சினி எதுவும் வேண்டியதில்லை. மொட்டை மாடியும், இரண்டு கண்களும், ஒரு கடிகாரமும் போதும். நிலையம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் தோன்றும் என்பதைக் கைபேசியிலேயே முன்கூட்டி அறிந்து கொள்ளலாம். பௌர்ணமி நிலவுகூட அதன் பிரகாசத்தை மறைத்து விடுவதில்லை.

அந்த நிலையத்தில் விளக்கு ஏற்றி வைத்திருப்பதால் அது பிரகாசிப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. விடியற்காலையில் தேரடி வீதி இன்னும் இருளில் ஆழ்ந்திருக்கும்போதே அண்ணாமலையின் சிகரத்தில் சூரிய கிரணங்கள் படுவதை அவ்வூரார் அறிவார்கள். உயரத்தில் இருப்பதற்கு வெயில் முந்தி வருகிறது, பிந்திப் போகிறது. நிலையமும் அப்படியே. நமக்கு அஸ்தமனம் ஆன பிறகும் அதற்கு அஸ்தமனம் ஆவதில்லை. ஆகையால் அந்தி மயங்கிய பின் ஒரு மணி நேரமும், விடிவதற்கு முன் ஒரு மணி நேரமுமே அதைக் காண்பதற்கு ஏற்ற வேளை. நடுநிசியில் அதுவும் பூமியின் நிழலில் மறைந்திருக்கும்.

கோயில் இருப்பது மலையின் கீழ்ப்புறத்தில். மேற்கு வானத்தின் அடிப்பாகத்தை மலை மறைத்துக் கொள்ளும். அதனால் ஊருக்குள் நின்று பார்ப்பவர்களுக்குச் சில மாலைகளில் அது மலைச் சரிவின் பின்னாலிருந்தே திடீரென்று எழும். பிறகு கிழக்கு நோக்கிச் சத்தமின்றி நகர்ந்து, ஐந்தாறு நிமிஷத்துக்குள் நிழலில் புகுந்து மங்கி மறையும். சிவப்பும் பச்சையுமாக மினுக்கிக் கொண்டு போவது ஆகாய விமானம். ஒரு நொடியில் கோடு கிழித்து மறைவது எரிநட்சத்திரம். மெள்ள மெள்ள ஒளி கூடியும் குறைந்தும் செல்வது பெரும்பாலும் உபயோகம் தீர்ந்து உருண்டு கொண்டிருக்கும் ராக்கெட் பகுதி.

இது வெறும் வேடிக்கைதானே என்று நேயர்கள் கேட்கலாம். 1957-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ருஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியபோது, செயற்கைக் கோள்களைப் படம் பிடிப்பதற்கென்று அமெரிக்கர் வகுத்திருந்த பெரிய காமிராக்கள் தயாராகியிருக்கவில்லை. அந்தக் குறையை நிரப்பியவர்கள் யார்? பல தேசங்களில் 'மூன்வாட்ச்' என்ற பெயரில் சேர்ந்திருந்த பொதுஜனங்கள்தாம். அக்காமிராக்களில் ஒன்று பிற்பாடு நமது நைனிடாலிலும் நிறுவப்பட்டது. 1966-ல் இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் ஊரில், ஜெப்ரி பெர்ரி என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களுடன் ருஷ்யக் கோள்களின் வானொலி ஒலியைக் கேட்டு வந்தார். அதிலிருந்தே, ருஷ்யர்கள் ரகசியமாக வைத்திருந்த பிளெஸெட்ஸ்க் ஏவுதளத்தை அவர் உய்த்துணர்ந்தார். கவனித்துக் குறித்து வைக்கும் பழக்கம் பள்ளிப் பிள்ளைகளையும் விஞ்ஞானிகளாக்கி விடுகிறது!

ஸ்புட்னிக் பறந்த காலத்தில் நைனிடால் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தவர் வைணு பாப்பு. பிறகு தென்னாட்டுக்கு வந்த அவர், திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரின் இருண்ட வானத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968 முதல் அங்கே ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பதற்கு 1977-ல் சான்று கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் அங்கு திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தூரதர்சினி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த வானத்துக்குத்தான் இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. 1975-ல் நமது முதல் செயற்கைக் கோளான ஆரியபட்டா சென்றபோது வானவீதியில் கூட்டமில்லை. 2019 மே மாதத்தில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று 'ஸ்டார்லிங்க்' கோள்களை ஒரே தடவையில் அறுபதாக ஏவத் தொடங்கியது. இன்றோ இயங்கும் கோள்கள் பத்தாயிரத்துக்கு மேல் பெருகிவிட்டன. இவற்றால் கிராமத்துக்கும் கடலுக்கும் தகவல் தொடர்பு கிடைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், தூரத்து நட்சத்திரத்தின் மங்கலான ஒளிக்காக நீண்ட நேரம் காத்திருக்கும் விஞ்ஞானியின் படத்தில் இவை வெள்ளைக் கோடுகளைக் கிழித்து விடுகின்றன. கீழேயிருந்து ஊர் விளக்குகளும், மேலேயிருந்து கோள்களுமாக, இருள் இருபுறமும் நெருக்கப்படுகிறது. சர்வதேச வானியல் சங்கம் 2022-ல் இருண்ட வானத்தைக் காப்பதற்கென்றே ஒரு மையம் அமைத்திருக்கிறது.

நாம் என்ன செய்ய முடியும்? மாதத்துக்கு ஒரு மாலை, அமாவாசையை ஒட்டி, குழந்தைகளுடன் மாடிக்குச் செல்லுங்கள். அரை மணி நேரத்தில் எத்தனை கோள்கள் கடந்தன, எந்த நட்சத்திரத்தின் அருகே, எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாசல் விளக்கின் ஒளி மேலே சிதறாமல் ஒரு மூடி போடுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த நோட்டு, வானம் எப்படி மாறியது என்பதற்கு உங்கள் குடும்பத்தின் சாட்சியாக இருக்கும்.

ஆகாயம் எந்தக் கம்பெனியின் பட்டா நிலமும் அன்று. அது எல்லோருக்கும் பொது. பொதுச் சொத்தில் நடப்பதைக் கவனிக்கும் பொறுப்பும் எல்லோருக்கும் உண்டு அல்லவா?