‘உப்பு அனுப்புங்க’, ‘உப்பை அனுப்புங்க’: ஆங்கில இலக்கணச் சொற்களுக்கு மரக்காணத்தில் ஒரு பாடம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால், மரக்காணம் பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தெரியும். அங்கே உப்பு ஏற்றி அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பி.காம். முடித்தவர். வெளிமாநில வியாபாரிக்கு ஆங்கிலத்தில் மெயில் போட வேண்டும். போனில் நாலு வரி டைப் செய்கிறார். நாலிலும் சிவப்புக் கோடு. கோட்டைத் தொட்டால் ‘ஆர்ட்டிகிள் மிஸ்ஸிங்’, ‘சப்ஜெக்ட் - வெர்ப் அக்ரிமென்ட்’, ‘அன்கவுன்டபிள் நவுன்’ என்று வருகிறது.

பட்டனைத் தட்டினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் நாளைக்கு மறுபடியும் அதே நாலு கோடு. இன்டர்வியூவிலோ போன் காலிலோ கோடு போட்டுக் காட்ட ஆள் கிடையாது. தவறு எது என்று ஆப் சொல்கிறது. அது சொல்லும் பெயர்தான் புரியவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பெயர் புதுசு, சரக்கு பழசு

இந்தப் பெயர்களில் பல லத்தீனிலிருந்து வந்தவை. ‘நவுன்’ என்பதன் மூலச்சொல்லுக்கு லத்தீனில் ‘பெயர்’ என்றுதான் அர்த்தம். நாம் சொல்லும் பெயர்ச்சொல்லும் அதுவே. ‘ப்ரீபொசிஷன்’ என்றால் ‘முன்னால் வைப்பது’. ஆங்கிலத்தில் ‘இன் தி லாரி’. தமிழில் ‘லாரியில்’. அங்கே முன்னால் நிற்பது இங்கே வேற்றுமை உருபாகப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. வேலை ஒன்று, இடம்தான் வேறு.

இதே கடற்கரையில் தெற்கே தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு இதே தலைவலி, தலைகீழாக இருந்தது. லத்தீன் இலக்கணம் படித்தவர், அந்தச் சொற்களை வைத்துத் தமிழைப் புரிந்துகொண்டு, லத்தீனிலேயே ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய பேச்சுத்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குப் போனவர்கள் இவர்கள். இன்று ஆங்கிலம் கற்கும் பலர் மட்டும், பள்ளியில் படித்த எழுவாய், பயனிலையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

ஒரே உப்பு, மூன்று வேலை

‘சால்ட்’ நவுனா, வெர்பா? தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. ‘சால்ட் இஸ் ஒயிட்’ என்றால் நவுன். கருவாடு போடுபவர் ‘சால்ட் தி ஃபிஷ்’ என்றால் வெர்ப். மீனுக்கு உப்பு போடு என்று பொருள். ‘சால்ட் வாட்டர்’ என்றால், நீர் எப்படிப்பட்டது என்று சொல்லும் அட்ஜெக்டிவ் வேலை. தமிழிலும் இது உண்டு. ‘குழம்புல உப்பு இல்ல’ என்பதில் உப்பு பெயர். ‘பூரி நல்லா உப்புது’ என்பதில் அதே எழுத்துகள் வினை. (இரண்டுக்கும் பொருள் தொடர்பு இல்லை என்பது வேறு விஷயம்.) ஆக, நவுன், வெர்ப் என்பவை சொல்லின் ஜாதகம் அல்ல. அந்த வாக்கியத்தில் அது பார்க்கும் வேலையின் பெயர்.

அடுத்து, ‘அன்கவுன்டபிள்’. எண்ண முடியாதது. உப்பை அளக்கலாம், எண்ண முடியாது. மூட்டையை எண்ணலாம். நாம் ‘பத்து மூட்டை உப்பு’ என்கிறோம். ‘மூட்டைகள்’ என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘டென் பேக்ஸ் ஆஃப் சால்ட்’: எண்ணுவதற்கு ‘ஸ்’ கட்டாயம், எண்ணாததற்குக் கூடாது. ‘சால்ட்ஸ்’ என்றால் வேதியியல் பாடத்து உப்பு வகைகள். பயோடேட்டாவில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘எக்யுப்மென்ட்ஸ்’, ‘அட்வைஸஸ்’ என்று எழுதுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இந்த மூன்றையும் ஆங்கிலம் உப்பு மாதிரியே பார்க்கிறது.

‘தி’ எங்கே இருக்கிறது?

‘தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால்தான் நமக்கு வராது’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது வழக்கம். முழு உண்மை அல்ல. ‘தி’ என்று தனிச்சொல் இல்லைதான். அது செய்யும் வேலையைத் தமிழ் வேறு இடத்தில் வைத்திருக்கிறது.

வியாபாரி போனில் ‘உப்பு அனுப்புங்க’ என்கிறார். புது ஆர்டர், ஏதாவது உப்பு. இரண்டு நாள் கழித்து ‘உப்பை அனுப்புங்க’ என்கிறார். எந்த உப்பு என்று யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே பேசி முடித்த உப்பு. அந்த ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபுதான் வித்தியாசம். முதலாவது ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் சென்ட் சால்ட்’. இரண்டாவது ‘ப்ளீஸ் சென்ட் தி சால்ட்’. இரண்டுமே இலக்கணப்படி சரி என்பதால், எதை எழுதியிருக்க வேண்டும் என்று ஆப்பால் சொல்ல முடியாது. எந்த உப்பு என்பது எழுதுபவர் மனசில்தான் இருக்கிறது. மாற்றிப் போட்டால், பழைய ஆர்டரை நினைவுபடுத்துகிறாரா, புதுசாக ஒரு லோடு கேட்கிறாரா என்று எதிர்முனை குழம்பும்.

இந்த ‘ஐ’ சூத்திரம் எல்லா இடத்திலும் ஓடாது. ஆட்களுக்கு எப்போதும் ‘ஐ’ வரும்: ‘ஒரு டிரைவரைக் கூப்பிடுங்க’. எழுவாயில் அது வரவே வராது: ‘லாரி வந்தாச்சா?’ அங்கெல்லாம் இன்னொரு சோதனை இருக்கிறது. முன்னால் ‘அந்த’ அல்லது ‘நாம பேசின’ என்று போட்டுப் பாருங்கள். ‘நாம பேசின லாரி வந்தாச்சா?’ பொருந்துகிறதா, பெரும்பாலும் ‘தி லாரி’. ‘ஏதோ ஒரு’ பொருந்தினால் ‘எ லாரி’. உப்பு மாதிரி எண்ண முடியாததைப் பொதுவாகச் சொன்னால் ஒன்றும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பு ஏமாற்றும் இடம்

தமிழ்ச் சொல்லை அப்படியே பொருத்தினால் மாட்டிக்கொள்ளும் இடமும் உண்டு. சப்ஜெக்ட் - எழுவாய், ஆப்ஜெக்ட் - செயப்படுபொருள், சரி. வெர்ப் - பயனிலை என்று மனப்பாடம் செய்தால் வம்பு. பயனிலை என்பது வாக்கியத்தை முடித்துவைப்பது. அது வினையாக இருக்க வேண்டும் என்று தமிழ் கேட்பதில்லை. ‘உப்பு வெள்ளை’. ‘அவர் மேனேஜர்’. முழு வாக்கியங்கள், வினையே இல்லை. பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர்ப் பயனிலை இதுதான். ஆங்கிலம் விடாது, ஒரு வெர்ப் வேண்டும் என்று நிற்கும். அதற்காகத்தான் ‘இஸ்’. ‘ஹி மேனேஜர் இன் அவர் ஆபீஸ்’ என்று வாயில் வருவது அறிவுக் குறைவால் அல்ல. தமிழின் நல்ல இலக்கணம் ஆங்கிலத்துக்குள் எட்டிப் பார்க்கிறது.

‘அக்ரிமென்ட்’ பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். வருகிறேன், வருகிறாய், வருகிறார், வருகிறது என்று ஒவ்வொரு ஆளுக்கும் வால் மாற்றிப் பழகியவர்களுக்கு, ஆங்கிலம் வைத்திருப்பது ஒரே ஒரு ‘ஸ்’. ஒரு தொழிலாளி என்றால் ‘தி வொர்க்கர் லோட்ஸ்’. பலர் என்றால் ‘தி வொர்க்கர்ஸ் லோட்’. இந்த நிகழ்கால வாக்கியத்தில் ‘ஸ்’ இரண்டு பக்கமும் சேர்ந்து வராது, ஒரு பக்கம்தான்.

காலத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘லோடு ஏத்திட்டேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் லோடட் இட்’, அதாவது பிரசென்ட் பெர்ஃபெக்ட், கச்சிதமான ஜோடி. வேலை முடிந்தது, அதன் பலன் இப்போது கையில் இருக்கிறது. ஆனால் தமிழில் ‘நேத்தே ஏத்திட்டேன்’ என்றும் தாராளமாகச் சொல்வோம். அதை அப்படியே கொண்டுபோய் ‘ஐ ஹேவ் லோடட் இட் எஸ்டர்டே’ என்றால் தப்பு. நேற்று, போன வாரம், 2019-ல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னதும் ‘ஹேவ்’ விலகிவிடும்: ‘ஐ லோடட் இட் எஸ்டர்டே’. இந்தியா முழுக்க மெயில்களில் நடமாடும் பிழை இது. பல மேனேஜர்களே இதைச் செய்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகளில் உப்பு எடுக்கும் வேலை நின்றுவிடும். ஏன் லோடு வரவில்லை என்று வியாபாரி கேட்கிறார். ‘இங்க மழை’ என்றால் தமிழில் முடிந்தது, வினை கிடையாது. ‘மூணு நாளா பெய்யுது’ என்றால் எழுவாயும் சொல்லவில்லை, தோன்றா எழுவாய். ஆங்கிலத்துக்கு இரண்டும் வேண்டும். எனவே மெயிலில் ‘இட் இஸ் ரெய்னிங் ஹியர்’. இதில் ‘இட்’ யார்? வானமா, மேகமா? யாரும் இல்லை. சப்ஜெக்டின் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று உட்காரவைத்த ஆள். ஆங்கில இலக்கணக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘டம்மி சப்ஜெக்ட்’.